'தி ஸ்டெப்ஃபாதர்' ஜெர்ரி: நிஜமாகவே பெயர் மறந்தவனா?

கேசட் கிருஷ்ணன்:
நேற்று குடும்பப் படங்கள் இழையில் நண்பர் அமைதிப்புயல் ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே ஒட்டுகிறேன்: "1987இல் வந்த 'தி ஸ்டெப்ஃபாதர்' திகில் படமே இல்லை. குடும்பத்தை அளவுக்கு மீறி நேசித்து நொறுங்கிப்போன ஒரு நோயாளியின் கதை. அவனுக்குத் தன் பெயரே மறந்துபோகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?"

படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. அதற்குப் பதினேழு பேர் விருப்பக்குறி வேறு போட்டிருக்கிறார்கள்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: முதல் காட்சியில் தாடிக்காரன் ஒருவன் குளியலறையில் ரத்தம் கழுவுகிறான், தாடியை எடுக்கிறான், கண்ணாடியைக் கழற்றிவிட்டு கான்டாக்ட் லென்ஸ் போடுகிறான், கோட்டு மாட்டிக்கொண்டு படியிறங்கி வருகிறான். கீழே கூடத்தில் அவன் குடும்பமே பிணமாகக் கிடக்கிறது. சீட்டியடித்துக்கொண்டே வீட்டை விட்டு வெளியே போகிறான். ஒரு வருடம் கழித்து ஜெர்ரி பிளேக் என்ற பெயரில், கணவனை இழந்த சூசனுக்கு இரண்டாவது கணவன். வேலை, வீடு விற்கும் ஏஜென்ட். சூசனின் பெண் ஸ்டெஃபனிக்கு மட்டும் ஆள் மேல் சந்தேகம். கடைசிப் பகுதியில், நீ வேலையை விட்டுவிட்டாயாமே என்று சூசன் கேட்கும்போது அவன் பெயரைக் குழப்பி, "இரு, நான் இங்கே யார்?" என்கிறான். அவள் "ஜெர்ரி" என்கிறாள். நன்றி சொல்லிவிட்டு ஃபோன் ரிசீவராலேயே அவளை அடிக்கிறான்.

இதுதான் அமைதிப்புயல் கண்ட மறதி. மறதியாம்! சூசன் நெற்றியைக் கேட்டுப் பாருங்கள்.

அமைதிப்புயல்:
கிருஷ்ணன் சார், வணக்கம். என் வரியை எடுத்து வந்து தனி இழை தொடங்கும் அளவுக்கு என்மேல் பிரியம் என்று தெரியாது.

சொன்னதில் மாற்றமில்லை. ஜெர்ரியாக நடித்த டெர்ரி ஓக்வின் முகத்தைப் பாருங்கள். பேச்சு நடுவில் நிற்கிறது, கண் எங்கோ அலைகிறது. நடிக்கிற ஆளின் முகமா அது? எதிரே மனைவி நிற்கிறாள், அவனுக்குத் தன் பெயர் பிடிபடவில்லை. சாகும்போது கடைசியாகச் சொல்வதும் "ஐ லவ் யூ". கொடூரன் இப்படியா சாவான்?

நள்ளிரவு நாகா:
முதலில் திகில் படம் என்றால் என்ன என்று இருவரும் ஒரு முடிவுக்கு வாருங்கள். அது இல்லாமல் இந்த இழை எங்கே போகும்?

கேசட் கிருஷ்ணன்:
நாகா, விளக்கமெல்லாம் அப்புறம். முதலில் மறந்தானா இல்லையா, அதற்குப் பதில் வரட்டும்.

அமைதிப்புயல் படத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை யூடியூபில் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் என்னென்ன நடக்கிறது? வீட்டில் ஒத்துவரவில்லை என்று முடிவெடுத்த அன்றே வேலையை விடுகிறான். வேறு ஊருக்குப் போகிறான். பில் ஹாட்ஜ்கின்ஸ் என்று புதுப் பெயர், புது வேலை, அடுத்து மடக்க ஒரு பெண் உட்பட எல்லாம் பார்த்து வைக்கிறான். பழைய குடும்பத்தைத் தீர்க்கும் முன்பே புதுக் குடும்பத்துக்கு முன்பதிவு செய்த ஆள் ஐயா அவன். இரண்டு பெயர் ஒரே வாரத்தில் ஓடுகிறது, நாக்கு பிசகுகிறது. வேலைப்பளு. மறதி அல்ல.

ராஜி எடிசன்:
கிருஷ்ணன் அண்ணா சொல்வது சரி, ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். இது நிஜ வழக்கிலிருந்து கிளம்பிய கதை. நான் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறேன். எங்கள் எடிசனிலிருந்து வெஸ்ட்ஃபீல்டு பக்கம்தான். 1971 நவம்பர் 9 அன்று அந்த ஊரில் ஜான் லிஸ்ட் என்ற கணக்காளர் தன் தாய், மனைவி, மூன்று பிள்ளைகள் என ஐந்து பேரையும் சுட்டுக் கொன்றார். தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு எடுத்தவர். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் ஆபீஸ் போவதுபோலக் கிளம்பி ரயில் நிலையத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர். அன்றைக்கு மூத்த மகனின் கால்பந்து ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிறகு அவனைக் கொன்றிருக்கிறார். பால், பேப்பர், தபால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். விளக்குகளை எரியவிட்டு, வீட்டில் இசையை ஓடவிட்டுவிட்டுப் போய்விட்டார். உடல்களைக் கண்டுபிடித்தது டிசம்பர் 7. ஏறத்தாழ ஒரு மாதம் அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

இதில் எங்கே மறதி?

அமைதிப்புயல்:
ராஜி, நீங்கள் சொல்வது லிஸ்ட். நாம் பேசுவது ஜெர்ரி. அசல் ஆளை இழுத்து வந்து பாத்திரத்தின் மேல் ஏற்றாதீர்கள். லிஸ்டுக்குக் கடன் தொல்லை இருந்தது. ஜெர்ரிக்கு என்ன கடன்? அவனுக்கு வேண்டியது ஒரு நல்ல குடும்பம். அது கிடைக்காதபோது உடைகிறான். உடைந்தவனுக்குப் பெயர் மறக்கும்.

கேசட் கிருஷ்ணன்:
"உடைந்தவனுக்குப் பெயர் மறக்கும்." இதை எந்த மருத்துவக் கல்லூரியில் சொல்லித் தந்தார்கள்?

லிஸ்ட் பேச்சை எடுத்தது ராஜி, ஆனாலும் நன்றி. அந்த ஆள் ராபர்ட் கிளார்க் என்ற பெயரில் பதினெட்டு வருடம் வாழ்ந்தான். டென்வர் போனான், 1985இல் மறுமணம் செய்துகொண்டான், வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்தான். 1989 ஜூன் 1 அன்று பிடித்தார்கள். பிடித்த பிறகும் பல மாதம் "நான் கிளார்க்தான், லிஸ்ட் யாரென்றே தெரியாது" என்று சாதித்தான். 1990 பிப்ரவரியில்தான் ஒப்புக்கொண்டான். கைரேகை எதிரே இருக்கும்போதே பொய்ப் பெயரை விடாதவன். பெயர் விஷயத்தில் இவ்வளவு கறாரான ஆளை வைத்து எழுதிய பாத்திரத்துக்குப் பெயர் மறந்ததாம்.

அமைதிப்புயல்:
படம் வந்தது 1987 ஜனவரி. அவர் பிடிபட்டது 1989. பிடிபட்ட பிறகு நடந்ததைப் பார்த்துத்தான் பாத்திரத்தை எழுதினார்களா? கிருஷ்ணன் சாரின் கேசட்டில் காலம் பின்னோக்கி ஓடும் போலிருக்கிறது.

சும்மா சுந்தர்:
ஹாஹா, இது நல்ல அடி.

கேசட் கிருஷ்ணன்:
சுந்தர், நீங்கள் கைதட்டத்தான் லாயக்கு. போன வருடம் எண்பதுகளின் சிறந்த திகில் படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டீர்களே, அதில் இந்தப் படம் எத்தனையாவது? இல்லவே இல்லை. நான் கேட்டதற்கு இடம் போதவில்லை என்றீர்கள். இணையத்தில் இடம் போதவில்லை!

அப்புறம் அமைதிப்புயலுக்கு. படத்துக்குக் கதை யோசித்தவர்களில் ஒருவர் பிரையன் கார்ஃபீல்டு. வெஸ்ட்ஃபீல்டு கொலைகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்ததுதான் விதை. திரைக்கதை டொனால்ட் வெஸ்ட்லேக், காலமெல்லாம் குற்றக்கதை எழுதிய கை. அவர்களுக்கு 1971 செய்தி போதும். குடும்பத்தைத் தீர்த்துவிட்டு ஒருவன் மாயமாகிறான், எங்கே போயிருப்பான், என்ன பெயரில் இருப்பான் என்பதுதான் கேள்வி. அவர்கள் எழுதிய விடைக்குப் பின்னால்தான் உண்மை வந்து சேர்ந்தது. நிஜ ஆளும் வேறு பெயரில் மறுமணம் செய்துகொண்டு அமைதியாக இருந்தான். நான் சொன்னது அதைத்தான். புரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

ராஜி எடிசன்:
பிடித்த விதமும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் தேடப்படும் குற்றவாளிகள் நிகழ்ச்சி ஒன்றில், லிஸ்டுக்கு வயதானால் முகம் எப்படி இருக்கும் என்று ஃபிராங்க் பெண்டர் என்ற சிற்பி செய்த மார்பளவுச் சிலையைக் காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் தகவல் வந்தது. கண்ணாடி ஃபிரேமைக்கூடச் சரியாக ஊகித்திருந்தார் பெண்டர். இதைச் சொன்னால் ஒருவரும் கவனிப்பதில்லை, பெயர் பெயர் என்று அதிலேயே நிற்கிறீர்கள்.

நள்ளிரவு நாகா:
நான் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. திகில் என்றால் என்ன?

கேசட் கிருஷ்ணன்:
நாகா, பொறுங்கள்.

அமைதிப்புயல் அவர்களே, மூன்று விஷயம் கேட்கிறேன். ஸ்டெஃபனி பத்திரிகைக்கு எழுதிப் பழைய கொலைகாரனின் படத்தைக் கேட்கிறாள். தபால் வருகிறது. ஜெர்ரி உறையைப் பிரித்து உள்ளே வேறொரு ஆளின் படத்தை வைத்து மூடிவிடுகிறான். இது நோயாளி செய்கிற வேலையா?

ஸ்டெஃபனியைப் பார்த்துவந்த மனநல மருத்துவர், வீடு வாங்க வந்தவர் மாதிரி நடித்து இவனை ஆழம் பார்க்க வருகிறார். சிக்கிக்கொள்கிறார். கட்டையால் அடித்தே கொல்கிறான். அப்புறம் கார் விபத்தாக ஜோடிக்கிறான். அதோடு விட்டானா? செய்தி கேட்டு அழும் பெண்ணுக்கு இவனே ஆறுதல் சொல்கிறான், அதிலேயே அவள் இவனிடம் முதல்முறையாக ஒட்டுகிறாள். கொலை செய்து அதன் லாபத்தில் பாசம் சம்பாதிக்கிறான். அந்தக் காட்சியில் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. எனக்குப் படத்திலேயே வயிற்றைக் கலக்கியது அதுதான்.

மூன்றாவது, வேலையை விட்டது. மேலே சொல்லிவிட்டேன்.

மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மறதிக்கு வாருங்கள்.

அமைதிப்புயல்:
மூன்றுக்கும் ஒரே பதில். தந்திரம் இருப்பவனுக்கு நோய் இருக்கக் கூடாதா? நிலவறையில் தனியாக நின்று தனக்குத்தானே பேசி, கருவிகளைப் போட்டு உடைத்துக் கத்துகிறானே, வீட்டுத் தோட்டத்தில் விருந்து நடக்கும்போது? ஐஸ்கிரீம் எடுக்கக் கீழே வந்த ஸ்டெஃபனி அதைப் பார்த்துவிடுகிறாள். அவள் அங்கே இருப்பது அவனுக்கு முதலில் தெரியவே தெரியாது. யாருக்காக நடித்தான்? ஆளில்லாத அறையில் நடிப்பவனை என்னவென்று சொல்வது?

"நான் இங்கே யார்" என்பதும் அதே நிலவறை மேலே வந்து பேசியதுதான். மறந்தான். மறந்தான். மறந்தான். மூன்றுக்கும் மூன்று.

கேசட் கிருஷ்ணன்:
நிலவறையில் நடந்தது கோபம். கோபத்துக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் இந்த இழையைப் படித்தால் கருவிகளைப் போட்டு உடைக்கத் தோன்றுகிறது. என் பெயர் நன்றாக நினைவிருக்கிறது.

அதுவும் எப்படிப்பட்ட கோபம்? மேலே விருந்தில், தீராத அந்தக் கொலை வழக்குச் செய்தி பேச்சாகிறது. இவன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அப்புறம் கீழே இறங்கி வெடிக்கிறான், பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் ஒரே நொடியில் சிரித்த முகம். பொத்தானை அழுத்தி விளக்கைப் போட்டு அணைக்கிற மாதிரி. அவ்வளவு கட்டுப்பாடு.

சும்மா சுந்தர்:
என் பட்டியலை இழுத்ததால் சொல்கிறேன். இந்தப் படத்தை விட்டதற்குக் காரணம் ஓகில்வி. செத்துப்போன முதல் மனைவியின் தம்பி, படம் முழுக்க ஊர் ஊராக அலைந்து கொலைகாரனைத் தேடுகிறான். கடைசியில் துப்பாக்கியோடு அந்த வீட்டுக்குள் நுழைகிறான். நுழைந்த உடனே குத்துப்பட்டுச் சாகிறான். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நேரம் அவன் பின்னால் கேமரா அலைந்தது? அது திரைக்கதை ஓட்டை. ஓட்டை இருக்கிற படம் என் பட்டியலில் வராது.

நள்ளிரவு நாகா:
ஓட்டையா? வெளியிலிருந்து யாரும் வந்து காப்பாற்ற மாட்டார்கள் என்று காட்டத்தானே அது? தாயும் மகளும்தான் ஜெர்ரியை முடிக்க வேண்டும். ஓகில்வி கொண்டுவந்த துப்பாக்கியால்தானே சூசன் சுடுகிறாள், வீணாகப் போகவில்லை. தேடி வந்த ஆண் பிள்ளை வாசலில் விழுகிறான், அடிபட்டுக் கிடந்தவள் தவழ்ந்து வந்து சுடுகிறாள். படத்தின் ஆக நல்ல முடிவை ஓட்டை என்கிறீர்கள்.

சும்மா சுந்தர்:
துப்பாக்கியை டெலிவரி செய்ய ஒரு பாத்திரமா?

கேசட் கிருஷ்ணன்:
சுந்தரின் பட்டியலில் இதன் 2009 மறு ஆக்கம் மாதிரிப் படங்கள் வரும். மகளுக்குப் பதில் மகன், மேல்பூச்செல்லாம் பளபளப்பு. ஓக்வின் இல்லாத ஸ்டெப்ஃபாதருக்கு என்ன வேலை? 1992இல் வந்த மூன்றாம் பாகத்திலும் அவர் இல்லை, முக அறுவை சிகிச்சை செய்துகொண்டான் என்று சொல்லி வேறு நடிகரைப் போட்டார்கள். அதை நான் அந்தக் காலத்திலேயே வாடகை கேசட்டில் பார்த்தவன். உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

ராஜி எடிசன்:
பெருமைக்கு ஒன்றும் குறைச்சலில்லை அண்ணா. ஊரும் தெருவும் தெரியாமல் கேசட்டில் பார்த்தால் போதுமா? அந்தப் புறநகர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு வெட்டிவிட்ட புல்வெளி, வாசலில் கொடி, யாரைப் பார்த்தாலும் கையசைப்பு. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வெஸ்ட்ஃபீல்டில் அந்த விளக்குகள் ஒவ்வொன்றாகத் தானே அணைந்ததாம். அதைவிடவா ஒரு திகில் படம்? ஜெர்ரிக்கு வீடு விற்கிற வேலையைக் கொடுத்தது சும்மா இல்லை. சந்தோஷமான குடும்பம் என்ற கனவைத்தான் சாவியோடு சேர்த்து விற்கிறான்.

அமைதிப்புயல்:
அருமை ராஜி. அந்தக் கனவை முதலில் நம்பிய ஏமாளியே அவன்தான். நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

ராஜி எடிசன்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை! ஏமாளியாம். ஐந்து பேரைக் கொன்ற ஏமாளி!

அமைதிப்புயல்:
ஐந்து பேர் லிஸ்ட் கணக்கு. மறுபடியும் கலக்கிறீர்கள்.

கேசட் கிருஷ்ணன்:
அமைதிப்புயல் பேச்சை மாற்றுகிறார். தபால் உறையில் இருந்த படம் என்ன ஆயிற்று? இரண்டு முறை கேட்டாயிற்று.

சூசன் "ஜெர்ரி" என்று சொன்னதும் அவன் குழம்பினானா, அழுதானா, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானா? நன்றி சொன்னான். மறந்துபோன பொருளை யாரோ எடுத்துக் கொடுத்தால் சொல்லுவோமே, அப்படி. அடுத்த நொடி அடித்தான். பெயரைத் தெரிந்துகொண்டு அடித்தவன், எந்தக் குடும்பத்தை முடிக்க வந்தோம் என்பதை உறுதி செய்துகொண்டு வேலையைத் தொடங்கியவன். இதற்குமேல் ஒருவன் எப்படித் தெளிவாக இருக்க முடியும்?

அமைதிப்புயல்:
"மறந்துபோன பொருளை." உங்கள் வாயாலேயே வந்துவிட்டது சார். மறந்துபோன!

சும்மா சுந்தர்:
ஹாஹாஹா. முடிந்தது கதை.

கேசட் கிருஷ்ணன்:
ஒன்றும் முடியவில்லை. அது உவமை. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். உவமையைப் பிடித்துத் தொங்குகிறவரோடு என்ன விவாதம்?

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். மறு ஆக்கம் பற்றிப் பேச வேறு இழை இருக்கிறது. சுந்தரின் பட்டியல் பற்றிய சண்டை போன வருடமே பூட்டப்பட்டது.

சும்மா சுந்தர்:
பூட்டியது சரி, ஆனால் என்னுடைய கடைசிப் பதிலை அழித்துவிட்டுப் பூட்டினீர்கள். கிருஷ்ணன் பதில் மட்டும் இன்னும் நிற்கிறது. இது என்ன நியாயம் என்று இங்கேயே கேட்கிறேன்.

நள்ளிரவு நாகா:
ஒரு நடுக்கருத்து. மறந்ததா, நடிப்பா என்பது பெரிதில்லை. அந்த நொடியில் சூசனின் இடத்தில் நின்று பாருங்கள். கூடவே வாழ்ந்த கணவன் எதிரே நின்று நான் யார் என்று கேட்கிறான். சூசனாக நடித்த ஷெல்லி ஹாக் முகத்தில் அது புரிகிற கணம்தான் படம். எனக்கு அதுதான் திகில்.

கேசட் கிருஷ்ணன்:
நாகா, நடுக்கருத்து என்று சொல்லி என் கருத்தைச் சொன்னதற்கு நன்றி.

அமைதிப்புயல்:
என் கருத்தும் அதுதானே. நிஜமாகக் கேட்டதால்தான் அவள் நடுங்குகிறாள். நடித்திருந்தால் ஏன் நடுங்க வேண்டும்?

நள்ளிரவு நாகா:
நான் உங்கள் இருவர் பக்கமும் இல்லை. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கேசட் கிருஷ்ணன்:
இன்று இரவு படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டு, அந்தக் காட்சியில் ஓக்வின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்துப் படத்தோடு போடுகிறேன். அதுவரை அமைதிப்புயல் தபால் உறைக்குப் பதில் எழுதி வைக்கட்டும்.

அமைதிப்புயல்:
போடுங்கள். ஆனால் உங்கள் தேய்ந்துபோன கேசட்டிலிருந்து வேண்டாம், அதில் கண் எது மூக்கு எது என்றே தெரியாது. நல்ல பிரதியிலிருந்து போடுங்கள்.

கேசட் கிருஷ்ணன்:
கேசட்டைப் பற்றிப் பேச வேண்டாம். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் வாங்கியது அது.

ராஜி எடிசன்:
வெஸ்ட்ஃபீல்டு பற்றி இரண்டு முறை எழுதியிருக்கிறேன், பதில் சொல்ல ஆளில்லை. அந்த வீடு 1972இல் எரிந்துபோனது, அதையாவது யாருக்காவது தெரியுமா?

சும்மா சுந்தர்:
மட்டுறுத்துநர் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.